பழைய நாடக மேடை நடிகைகளில் நீங்கள் மிகவும் மதிப்பவர் யார், ஏன்?

கே. பி. சுந்தராம்பாள். அதிலும் சினிமாவுக்கு வருவதற்கு முந்தைய சுந்தராம்பாள்.

எங்கள் சேலத்தில் ஏற்காடு ரோட்டு மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. டி. ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய அந்தப் படக் கம்பெனியைப் பற்றிச் சொல்ல இங்கே ஆளுக்கொரு கதை இருக்கும். ஆனால் அந்தக் காலப் பேசும்படத்துக்கு நடிக்க ஆள் கொடுத்ததே நாடக மேடைதான். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சுந்தராம்பாள் என்றாலும் "ஔவையார் பாட்டிதானே?" என்பதோடு சரி. எனக்கு அது பெரிய ஆதங்கம்.

1908-ல் கொடுமுடியில் பிறந்தவர். ஈரோடு தாண்டிக் கரூர் போகிற வழியில், காவிரிக்கரை ஊர். பெயருக்கு முன்னால் இருக்கிற 'பி', அம்மா பாலாம்பாளுடையது. வறுமையில் ரயிலில் பாடிக் காசு வாங்கிய பிள்ளை. ரயில்வே அதிகாரியும் நாடகப் பிரியருமான எஃப். ஜி. நடேசய்யர் அந்தக் குரலைக் கேட்டுத்தான் மேடைக்கு வழிகாட்டினார். வேலு நாயர் கம்பெனியின் 'நல்லதங்காள்' நாடகத்தில் ஆண் பிள்ளை வேஷம். பசி தாங்காமல் பாடும் கட்டம். அந்தப் பசியை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

அடுத்து ஸ்பெஷல் நாடகம். இதைப் பார்க்காதவர்களுக்கு அவர் திறமையின் அளவு புரிவது கஷ்டம். ஒத்திகை கிடையாது. நடிகர்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து, அன்று ராத்திரி மேடையில்தான் ஒன்று சேர்வார்கள். எங்கள் பக்கத்து மாரியம்மன் பண்டிகை ஒன்றில் 'வள்ளி திருமணம்' போட்டார்கள். வள்ளி வேஷக்காரம்மா பஸ்ஸில் வந்து இறங்கி, பாதி அரிதாரத்தோடு ஆர்மோனியக்காரரிடம் வந்து, "அண்ணே, வேலன் இன்னிக்கு எத்தனை கட்டையில பாடுவாரு?" என்று மட்டும் கேட்டார். எந்தச் சுருதி என்று தெரிந்தால் போதும், அவ்வளவுதான் ஏற்பாடு. விடிய விடியத் தர்க்கம் நடந்தது. எதிரில் நிற்பவர் எந்தப் பாட்டை எடுத்தாலும் அந்த நிமிஷமே பதில் பாட்டு வரவேண்டும்.

சுந்தராம்பாள் காலத்தில் மைக்கும் இல்லை. எதிரில் நின்றவரோ எஸ். ஜி. கிட்டப்பா. உச்சஸ்தாயியில் அநாயாசமாக நிற்கிற குரல். அவருக்கு இணையாக நின்று பாட முடியுமா என்று ஊரே சந்தேகப்பட்டிருக்கும். 1926-ல் இலங்கையில் இருவரும் சேர்ந்து மேடையேறிய பிறகு அந்த ஜோடிக்கு நிகரே இல்லாமல் போனது. 1927-ல் கல்யாணம். கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி இருந்தார். அந்த வாழ்க்கையில் வருத்தம் நிறைய. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25.

அன்றிலிருந்து வெள்ளைச் சேலை. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவு. இந்த இடத்தில்தான் அவர் மீது எனக்கு மரியாதை கூடுகிறது. ஒரு விதவை மேடைப் பக்கம் போனாலே பேசுகிற காலத்தில் அவர் மூலையில் முடங்கிவிடவில்லை. 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேஷமே போட்டார், நந்தனாராகவே. சம்பளம் 1 லட்சம் ரூபாய்! பின்னால் செய்த மணிமேகலை, ஔவையார், கவுந்தி அடிகள், காரைக்கால் அம்மையார் எல்லாவற்றையும் வரிசையாகப் பாருங்கள். ஒன்றில்கூடக் காதல் ஜோடி கிடையாது. எடுத்த முடிவை மீறாமலே நாற்பது வருஷத் திரை வாழ்க்கையை நடத்தியிருக்கிறார்.

காங்கிரஸ் மேடைகளில் பாடியது, சட்ட மேலவைக்குப் போனது எல்லாம் தனியாக எழுத வேண்டியவை. 'துணைவன்' படப் பாடல்களுக்காக 1969-க்கான தேசிய விருது வாங்கியபோது அறுபதைத் தாண்டிவிட்டார். அந்தப் படத்துப் பாட்டைக் கேளுங்கள், அதோடு அவருடைய பழைய இசைத்தட்டு ஒன்றையும் தேடிக் கேளுங்கள். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்காரனுக்கும் சொல் புரியவேண்டும் என்று பழகிய உச்சரிப்பு இரண்டிலும் அப்படியே இருக்கும்.