ஜூனியர்களுக்கு பயாலஜி லேபில் உதவியாளராக வரச் சொல்கிறார்கள், போகலாமா?

கேள்வி: நான் பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு. முதலாண்டு பிள்ளைகளின் பயாலஜி லேபுக்கு வாரம் ஒருமுறை உதவிக்கு வா என்கிறார் பேராசிரியர். சம்பளம் கிடையாது. என் படிப்பு கெட்டுப்போகுமா?

போங்கள். ஆனால் ரெக்கார்ட் நோட் திருத்தச் சொன்னால் முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டுப் போங்கள். காரணம் கீழே வருகிறது.

நான் பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தவள். மூன்றாம் ஆண்டில் எங்கள் வகுப்பிலிருந்து நாலு பேர் முதலாண்டு செல் பயாலஜி லேபுக்குப் போனோம். ஒரு பேட்சில் நாற்பது பிள்ளைகள், ஒரு மேடம், ஒரு அட்டெண்டர் அண்ணன், ஒழுங்காக வேலை செய்கிற மைக்ராஸ்கோப் பன்னிரண்டு. மேடம் ஒரு மேஜைக்கு வந்துவிட்டு அடுத்த சுற்று வருவதற்குள் மணி அடித்துவிடும், அவ்வளவுதான் நிலைமை.

வெங்காய வேர்நுனி பரிசோதனையைச் சொல்கிறேன், ஏனென்றால் நான் உருப்படியாக ஏதோ செய்தது அதில்தான். தண்ணீர் நிறைந்த டம்ளர் வாய்மேல் பல்லாரியை, அதாவது பெரிய வெங்காயத்தை, உட்கார வைத்தால் மூன்று நாலு நாளில் வேர் இறங்கும். லேபுக்கு முந்தின நாள் காலையில் வேரை வெட்டி, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்ததில் போட்டுவைத்து, மறுநாள் எடுத்து அசிட்டோகார்மின் என்கிற சிவப்புச் சாயத்தில் ஒரு சொட்டு அமிலம் விட்டு லேசாகச் சூடு காட்டி, ஸ்லைடில் வைத்து, கவர் ஸ்லிப் மூடி, கட்டைவிரலால் நசுக்கினால் செல் பிரிவது தெரியணும். தெரியாது! பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. நுனியில் கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில்தான் செல் பிரிகிறது, பிள்ளைகளோ வெட்டின பக்கத்தை நுனி என்று நினைத்து அதை நசுக்கிவிடுவார்கள். நீளநீளமாகச் செல் தெரியும், ஒன்றுகூடப் பிரிந்திருக்காது. இதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்கிறீர்களா? முதலாண்டில் நானும் அதையேதான் நசுக்கினேன், இரண்டு வாரம். மேடத்துக்கு இருபது வருஷ அனுபவம், நுனி எது என்று ஒருத்திக்குத் தெரியாமல் போகும் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை. சாயம் ஏறினபிறகு அடர்த்தியாகச் சிவந்திருக்கிற முனையைப் பார்த்து எடு என்று நான் சொன்ன ஒரு வரியில் அந்த மேஜை முழுக்க வேலை முடிந்தது.

இன்னொரு பிள்ளை, களக்காட்டுப் பக்கம், தமிழ் மீடியம். "எக்கா, செல்லு கிடைச்சிட்டுக்கா, நல்லா ரவுண்டா இருக்கு" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் காற்றுக் குமிழி. சுற்றிலும் கரிக்கோடு போட்டது போல் கறுப்பு வளையம், உள்ளே ஒன்றுமில்லை. நோட்டில் அதற்கு நியூக்ளியஸ் வேறு வரைந்து வைத்திருந்தாள். வாயெடுத்துச் சொல்லிவிடலாம்தான், அதற்கு முந்தைய வாரம் அப்படித்தான் எல்லாருக்கும் விடையைச் சொல்லிச் சொல்லி, நான் நகர்ந்ததும் அதே தப்பைத் திரும்பச் செய்தார்கள். அதனால் "கண்ணை எடுக்காம ஊசியால கவர் ஸ்லிப்பை லேசா தட்டு" என்றேன். தட்டினாள். வளையம் வழுக்கிக்கொண்டு ஓரத்துக்கு ஓடியது. கொஞ்ச நேரம் பேச்சில்லை, அப்புறம் ரப்பர் எடுத்து அவளே அழித்தாள். இந்தச் செல் பிரிவதை இங்கிலீஷில் மைட்டாசிஸ் என்றால் அவளுக்குப் புரியாது, மறைமுகப் பிரிவு என்றதும் மடமடவென்று நிலை நிலையாகச் சொல்வாள். அந்தப் பாலத்தைப் போட ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அவளிடம் நான் கற்றதும் உண்டு. ஒருநாள் மேஜையில் வாழை பற்றிப் பேச்சு வந்தது. வாழை மரத்தண்டு என்று நான் ஏதோ சொல்ல, "அது தண்டு இல்லக்கா, மட்டை சுருண்டு நிக்கது, தண்டு உள்ள இருக்கும், அதத்தான் பொரியல் வைப்போம்" என்றாள். போலித்தண்டு என்று நான் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய சமாச்சாரம், அவள் வீட்டுத் தோட்டத்தில் தினமும் உரித்துப் பார்த்தது.

இப்படி இளநிலை மாணவர்களையே வகுப்புக்குள் உதவிக்கு விடுவதை அமெரிக்காவில் ஒழுங்கான ஒரு ஏற்பாடாகவே வைத்திருக்கிறார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 2000களின் தொடக்கத்தில் வந்தது, 'லேர்னிங் அசிஸ்டண்ட்' என்று பெயர். அங்கே உதவியாளர் வாராவாரம் பேராசிரியரோடு உட்கார்ந்து அடுத்த பாடத்தைப் பார்ப்பார், எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதற்குத் தனியாக ஒரு வகுப்பும் உண்டு. அதே பல்கலைக்கழகத்தில் மரபியல் வகுப்பொன்றில் செய்த ஆய்வு 2009இல் சயின்ஸ் இதழில் வந்தது. ஒரு கேள்வியைப் பக்கத்தில் இருப்பவர்களோடு பேசிவிட்டுத் திரும்பப் பதில் சொன்னால் சரியான விடை கூடுகிறது, குழுவில் யாருக்குமே முதலில் விடை தெரியாதபோதும் கூடுகிறது என்பதுதான் அதில் வந்த முடிவு. எனக்கு இது தெம்பாக இருந்தது. நமக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லையே, அவர்களைப் பேச வைத்தால் போதும்.

சரி, ரெக்கார்ட் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது செமஸ்டரில் நாற்பது நோட்டையும் எங்கள் தலையில் கட்டினார்கள், மார்க்கும் நீங்களே போடுங்கள் என்று. ஹாஸ்டலில் என் பக்கத்து அறைப் பிள்ளை பத்துக்கு எட்டு ஏன் போட்ட என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது போகட்டும். லேபில் என்னிடம் சந்தேகம் கேட்பதே நின்றுவிட்டது, அதுதான் நெஞ்சில் குத்தியது. மார்க் போடுகிற ஆளிடம் போய் தனக்குத் தெரியாது என்று யார் ஒத்துக்கொள்வார்கள்? குமிழிக்கு நியூக்ளியஸ் வரைந்தவள்கூட நான் பக்கத்தில் போனால் நோட்டை மூட ஆரம்பித்தாள். மேடத்திடம் போய்ச் சொன்னேன், முதலில் கோபப்பட்டார்கள், அப்புறம் திருத்துவதை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் பழையபடி கேட்க மூன்று வாரம் ஆனது.

உங்கள் படிப்பு கெடாது. எனக்கு எக்ஸ்டர்னல் வந்தவர் வைவாவில் கேட்டதில் பாதி, ஜூனியர்கள் என்னிடம் ஏற்கெனவே கேட்டுக் குடைந்ததுதான். ஆனால் அந்த மதியம் உங்களுக்கு வகுப்பு இருந்தால் அட்டெண்டன்ஸ் யார் தருவார் என்று முன்னாலேயே கேட்டு வையுங்கள், எங்களில் ஒருத்திக்கு அதில் பிரச்சினை ஆகி ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். லேபுக்கு முந்தின நாள் அரை மணி நேரம் பேராசிரியர் உங்களோடு உட்காருவாரா என்பதையும் கேளுங்கள். உட்காரமாட்டார் என்றால் ஸ்லைடு கழுவத்தான் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேர்நுனி வாரம் வருகிறது என்றால் பல்லாரியை நாலு நாள் முன்னாலேயே டம்ளரில் ஏற்றிவிடுங்கள், ஒன்றுக்கு இரண்டாக. ஒன்று எப்படியும் அழுகிப்போகும்.