பதில்: பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாள் என்கிறார்கள்

உங்கள் தங்கைக்கு லூபஸ். நேற்று வேலை செய்தவள் இன்று எழவில்லை என்றால் வீட்டில் சோம்பல் என்கிறார்கள், எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சோம்பல் இல்லவே இல்லை. லூபஸில் உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்குகிறது. அந்த அசதி தூங்கி எழுந்தாலும் போகாது. நாளுக்கு நாள் ஏறி இறங்கும், வெயில் பட்டாலே கூடிவிடலாம். அவள் சம்மதித்தால், அடுத்த முறை மருத்துவரிடம் அம்மாவையும் கூட்டிப் போங்கள். நீங்கள் சொல்வதைவிட அது எடுபடும்.

எல்லார் முன்னும் "முடியுமா?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்கு நான் எதைச் செய்யட்டும்?" என்று தனியாகக் கேளுங்கள். முடியும் என்று அவள் சொன்ன வேலையைப் பிடுங்கவும் வேண்டாம், அதுவும் வலிக்கும்.

விமானப் பயணம் இருந்தால், கழுத்தில் மாட்டும், சூரியகாந்திப் பூ படம் போட்ட பச்சை நிறப் பட்டையை விமான நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். 2016இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கியது, இப்போது பல நாட்டு விமான நிலையங்களில் உண்டு. வெளியே தெரியாத நோய் இருக்கிறது, உதவி தேவைப்படலாம் என்று, நோயின் பெயரைச் சொல்லாமலே ஊழியர்களுக்குப் புரியும்.