கேள்வி பதில்: படித்த வார்த்தை எழுத வரவில்லையே?

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதப் போகிறேன். தினமும் இருபது கடினமான ஆங்கில வார்த்தைகளை அர்த்தத்தோடு மனப்பாடம் செய்கிறேன். எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, தேனி

பதில்: இருபது வேண்டாம், ஐந்து போதும். வார்த்தையைத் தனியாகப் பிடிப்பதில்தான் சிக்கலே இருக்கிறது. நாம் 'பலத்த மழை' என்கிறோம், அதை நினைத்து 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதிவிடுகிறோம், ஆனால் ஆங்கிலத்தில் மழைக்கு 'ஹெவி', டீக்குத்தான் 'ஸ்ட்ராங்'. அதே மாதிரி 'மிட்டிகேட்' என்றால் தணிப்பது என்று மட்டும் எழுதி வைத்தால், பசியை மிட்டிகேட் செய்தேன் என்று எழுதத் தோன்றும். அது பெரும்பாலும் ரிஸ்க், இம்பாக்ட், டேமேஜ் போன்றவற்றோடு வருகிற சொல். அதனால் நோட்டில் 'மிட்டிகேட் த ரிஸ்க்' என்று ஜோடியாகவே எழுதுங்கள், கீழே உங்கள் ஊர் விஷயத்தை வைத்து ஒரு வாக்கியம், அணை, வெள்ளம், எதுவானாலும் சரி.

எந்த வார்த்தைகள் என்று கேட்டால், நியூசிலாந்தின் மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட 'அகாடமிக் வேர்ட் லிஸ்ட்' என்ற கல்விச் சொற்பட்டியலில் தொடங்குங்கள். 570 சொற்குடும்பங்கள்தான் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்), ஆனால் கல்வி சார்ந்த ஆங்கில எழுத்தில் சுமார் 10 சதவீதம் அவைதான். யாரும் பயன்படுத்தாத அபூர்வ வார்த்தைகளைத் தேடி அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம், எழுதியதை மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று அர்த்தத்தை மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மறந்ததை யோசித்து மீட்கும்போதுதான் மனதில் நன்றாகப் பதியும்.