ஹிப்பிகள் காட்டுக்குள் போய் கஞ்சா பயிரிட்டு வாழ்ந்தது உண்மையா? கடைசியில் அவர்கள் என்ன ஆனார்கள்?

உண்மைதான். வடக்கு கலிபோர்னியாவில், ஹம்போல்ட் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தெற்கு மூலையில், கார்பர்வில் என்ற சின்ன ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் அப்படிப் பலர் வாழ்ந்தார்கள். அவர்களில் ஒருவர் வீட்டுக்கு 2017 முதல் மூன்று வருடம் சனி ஞாயிறுகளில் போய் வந்தேன். நான் அப்போது அதே கவுண்டியில் யுரேகா என்ற ஊரில் வேலை பார்த்தேன். அவருக்குக் கணினி தெரியாது, உதவிக்கு ஆள் தேடினார், அப்படித்தான் பழக்கம். பெரியவர் என்றே அவரைக் குறிப்பிடுகிறேன். என் அப்பா விழுப்புரம் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறவர். முதல் சந்திப்பில் பெரியவர் மழையையும் விலையையும் பற்றி அங்கலாய்த்தபோது அப்பா பேசுவதைக் கேட்ட மாதிரியே இருந்தது.

1967 கோடையில் சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட் ஆஷ்பரி பகுதியில் இளைஞர்கள் குவிந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே வருடம் அக்டோபரில், 'ஹிப்பி செத்துவிட்டான்' என்று அங்கிருந்தவர்களே சவப்பெட்டி தூக்கி ஊர்வலம் போனார்கள். அதற்குப் பிறகு மண்ணைத் தேடிக் கிளம்பியவர்களில் பலர், வடக்கே 320 கிலோமீட்டர் தாண்டி வந்து நின்ற இடம் இது. மரக் கம்பெனிகள் பெரிய மரங்களை வெட்டி முடித்துவிட்டு மலிவாக விற்ற நிலம். பெரியவரும் நண்பர்கள் மூவரும் சேர்ந்து 40 ஏக்கர் வாங்கினார்கள். கரண்ட் கிடையாது, ஒழுங்கான பாதை கிடையாது. வியட்நாம் போருக்குத் தன் வரிப் பணம் ஒரு காசுகூடப் போகக் கூடாது, தின்பதைத் தானே விளைவிக்க வேண்டும் என்பது அவருடைய வைராக்கியம். கஞ்சா அப்போது காய்கறிப் பாத்தியின் ஓரத்தில் நின்ற பத்துச் செடிகள், அவ்வளவுதான்.

வேலி போட மறுத்துவிட்டார். நமக்கு முன்னால் இங்கே இருந்தவை மான்கள், அவற்றை அடைத்து வெளியே நிறுத்த நாம் யார் என்பது அவர் கேள்வி. மான்களுக்கென்று தனியாக ஒரு வரிசை கீரையும் விதைத்தார். அவை தங்கள் பங்கைத் தின்றுவிட்டு, இவருடைய பங்கையும் தின்றுவிட்டுப் போயின. மனித முடியின் வாடை இருந்தால் மான் அண்டாது என்று யாரோ சொல்ல, இடுப்பு வரை வளர்த்திருந்த தலைமுடியை ஒட்ட வெட்டித் தோட்டத்தைச் சுற்றிப் போட்டார். அந்த வாரம் ஊருக்குள் போனால் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒட்ட வெட்டிய முடி, மழித்த தாடி; மாறுவேடப் போலீஸ் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நெருங்கிய நண்பரே கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பெயர் கேட்டாராம். முடி வளரும் வரை, ஒரு முழுக் குளிர்காலம், தனியாகவே இருந்தார். மான்களோ அடுத்த வசந்தத்திலும் வந்தன.

கஞ்சாவில் நம் பனையைப் போல, பப்பாளியைப் போல ஆண் வேறு, பெண் வேறு. ஆண் செடிகளை அரும்பு விடும்போதே அடையாளம் கண்டு பிடுங்கிவிட்டால் பெண் பூக்கள் விதை கட்டாமல் பிசின் கட்டும். அந்த விதையில்லாச் சரக்குக்கு ஸ்பானிய மொழியில் 'சின்செமியா' என்று பெயர். ஹம்போல்ட்டின் புகழே அதில்தான். ஆனால் ஆணாகப் பிறந்த குற்றத்துக்காக ஒரு செடியைக் கொல்ல இவருக்கு மனம் வரவில்லை. வேரோடு பெயர்த்து மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நட்டு, தினமும் தண்ணீரும் ஊற்றினார். மகரந்தம் காற்றோடு போகிற பொருள் ஆயிற்றே! பள்ளத்தாக்கு முழுக்க அத்தனை பேர் தோட்டத்திலும் அந்த வருடம் விதை கட்டிவிட்டது. ஊர்க்கூட்டம் கூடியது. ஓட்டெடுப்பு கூடாது, எல்லோரும் மனமொத்துத்தான் தீர்மானம் என்பது அவர்கள் வழக்கம். மாலையில் தொடங்கியது நள்ளிரவைத் தாண்டியது. கடைசியில், அந்தச் செடிகளை அவரே பிடுங்குவது, பிடுங்கும்போது மற்றவர்கள் சுற்றி நின்று பாடுவது என்று முடிவானது. அப்படியே நடந்தது.

தொடக்கத்தில் கையிலிருந்த விதையெல்லாம் மெக்சிகோ சரக்கில் கிடைத்தவை. வெப்ப நாட்டுச் செடி. பனை மாதிரி உயரமாகப் போகுமே தவிர, அக்டோபர் மழைக்கு முன்னால் முற்றாது. பூஞ்சணம் பிடித்து அழுகிவிடும். எழுபதுகளில் ஆசியாவைச் சுற்றிவிட்டு வந்தவர்கள் ஆப்கானிஸ்தான் விதை கொண்டுவந்த பிறகுதான், குட்டையாக, சீக்கிரம் முற்றுகிற ரகங்கள் கிடைத்தன. அதே சமயம் மெக்சிகோ வயல்களில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி தெளிக்கப்படுவது 1978இல் பெரிய செய்தியாகி, உள்ளூர்ச் சரக்குக்குக் கிராக்கி வந்தது. பின்னாளில் ஒரு பவுண்டு நாலாயிரம் டாலரைத் தாண்டியது. பாத்தி ஓரத்துச் செடி பணப்பயிர் ஆனது இப்படித்தான். அந்தப் பணம் தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் போனதை அங்கே இன்றும் சொல்கிறார்கள்.

1983இல் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 'கேம்ப்' என்ற ஒழிப்புப் படையை இறக்கின. அறுவடைக் காலமெல்லாம் தலைக்கு மேல் ஹெலிகாப்டர். 1987இல் கேமட் என்ற ஊர் வானொலி தொடங்கியதும், எந்தச் சாலையில் அவர்கள் வண்டி போகிறது என்று அதிலேயே அறிவிப்பு வந்துவிடும். 1990இல் கிங் ரேஞ்ச் மலைப்பகுதிக்கு ராணுவத்தினரையே அனுப்பினார்கள். சுமார் 200 பேர் தேடி, கிடைத்தது 1,200 செடிகள் போல.

பெரியவர் செடிகளை வாளியில் வைத்து, கப்பி போட்டு மரக்கிளைகளுக்கு ஏற்றியிருந்தார். ஒருநாள் மேலே ஏறித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. இறங்கினால் தெரிந்துவிடும். ஒரு வாளியை மடியில் வைத்து, அடிமரத்தைக் கட்டிக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கீழே அவருடைய ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, புதரடியில் ஒளித்திருந்த செடிகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது. ஆடு தொடாதது நம் ஊரில் ஆடாதொடை ஒன்றுதானே. மேலிருந்து கத்தவும் முடியாது. ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் எதையும் பார்க்காமல் போய்விட்டார்கள். அவர் இறங்கியபோது மடியிலிருந்த வாளி மட்டும் மிச்சம். ஆடு இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. விளைச்சல் போனதைச் சொல்லும்போது சிரித்தவர், அந்த இரண்டு இரவும் ஆட்டின் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்ததைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

இவ்வளவையும் தாங்கியவர்களைத்தான் சட்டபூர்வ அனுமதி சாய்த்தது. 2016 நவம்பரில் மக்கள் வாக்களித்து, 2018 ஜனவரி 1 முதல் கடைகளில் விற்கலாம் என்றானது. பெரிய பண்ணைகளுக்கு ஐந்து வருடம் இடமில்லை என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் ஒரே ஆள் சிறு உரிமங்களை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ள விதிகள் வழிவிட்டன. விலை சரிந்தது. வரியோ விலையைப் பார்க்காமல் எடையைப் பார்த்துப் போடப்பட்டது: தொடக்கத்தில் காய்ந்த பூவுக்கு அவுன்ஸுக்கு 9.25 டாலர், அதாவது பவுண்டுக்கு 148 டாலர். 2022 ஜூலையில் அதை நீக்கினார்கள். அதற்குள் எத்தனையோ சிறு விவசாயிகள் கைவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மாநிலம் அனுமதித்தாலும் மத்திய அரசின் சட்டத்தில் அது குற்றமாகவே இருந்தது. நான் குடியுரிமை வாங்கியிருந்ததால்தான் இந்தப் பக்கம் வந்தேன். விசாவில் இருப்பவர்கள் கிட்டேயே போகக் கூடாது.

என் வேலை, செடிகளை அரசின் கண்காணிப்புத் தளத்தில் பதிவது. ஒவ்வொரு செடிக்கும் எண் போட்ட பிளாஸ்டிக் பட்டை கட்ட வேண்டும். நாற்பது வருடம் செடிகளை ஒளித்து வைத்தவர், முட்டிபோட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பட்டை கட்டினார். பலாப்பழம் அரிந்தவர் மாதிரி விரலெல்லாம் பிசின்; எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுத்தான் பட்டையைத் தொடுவார். 2019 செப்டம்பரில் ஒரு ஞாயிறு காலை, ஆறு பட்டைகள் தண்டில்லாமல் தரையில் கிடந்தன. செடி அழிந்தால் எண்ணைச் சொல்லிக் காரணத்தையும் பதிய வேண்டும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்களை வாசித்தார், நான் தட்டினேன். காரணம் என்ன போடட்டும் என்று கேட்டேன்.

"மான்" என்றார். அப்போதும் வேலி போட்டிருக்கவில்லை.