மெதுவாக ஓட்டுபவர் குழுவோடு சைக்கிள் முகாம் பயணம் போகலாமா?

"எனக்கு வயது 45. நண்பர்கள் ஆறு நாள் சைக்கிள் பயணத்துக்குக் கூப்பிடுகிறார்கள். பகலில் மாநிலப் பூங்கா வழியாக ஓட்டம், இரவில் கூடாரம். எல்லோரும் என்னைவிட வேகமானவர்கள். குழுவுக்குப் பாரமாகிவிடுவேனோ?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் ஆணா பெண்ணா என்று எழுதவில்லை. ஆனால் "பாரமாகிவிடுவேனோ" என்று ஓர் ஆண் கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் பெண் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆண்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், விதிவிலக்கு இருக்கலாம்.

போகலாம். ஆனால் கிளம்புவதற்கு முன்பே அவர்களிடம் ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிட வேண்டும். அதைப் பேசாமல் போய் நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் இருக்கிறேன். இரண்டாண்டுக்கு முன் ஜூன் மாதம், என் 48ஆம் வயதில், எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த ஒன்பது பேராகக் கேட்டி டிரெயிலில் போனோம். அது ஒரு மாநிலப் பூங்கா. ஆனால் அகலமே இல்லாத பூங்கா: மாநிலத்தின் குறுக்கே ஏறக்குறைய 385 கிலோமீட்டருக்கு ஒரு நாடாவைப் போல ஓடுகிறது. மிசூரி–கேன்சஸ்–டெக்சஸ் என்ற பழைய ரயில்வேக்குச் செல்லப் பெயர் கேட்டி. வெள்ளத்தில் அடிபட்ட அந்தத் தடத்தை 1986இல் கம்பெனி கைவிட்டது. டெட் ஜோன்ஸ் என்ற தொழிலதிபரும் அவர் மனைவி பேட் ஜோன்ஸும் 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்ததால் மாநில அரசு அதை எடுத்துச் சைக்கிள் பாதையாக்கியது. முதல் துண்டு 1990இல் திறந்தது. தண்டவாளம் இருந்த இடத்தில் இப்போது நொறுக்கிய சுண்ணாம்புக்கல் தூள். வெயிலில் மாவு மாதிரி இருக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் கோலமாவைக் கரைத்து ஊற்றியது போல் செயினிலும் பல்சக்கரத்திலும் அப்பிக்கொண்டு நாள் முழுக்கக் கிறீச்சிடும்.

ரயில் பாதை என்பதால் ஏற்றம் இல்லை என்று சொல்லித்தான் என்னைக் கூட்டிப்போனார்கள். மேற்கே விண்ட்சர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மிக உயரமான இடமே 291 மீட்டர்தான். உங்களிடமும் இதையே சொல்வார்கள், ஏமாந்துவிடாதீர்கள். ஏற்றம் இல்லாத பாதையில் இறக்கமும் இல்லை. காலை நிறுத்திவிட்டுச் சும்மா உருண்டு போகும் சுகம் அரைக் கிலோமீட்டருக்குக்கூடக் கிடைக்காது. மிதித்தால் நகரும், நிறுத்தினால் நின்றுவிடும். உட்காரும் இடம் மரத்துப்போகும், உள்ளங்கை எரியும். உயரத்தைக் கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இருக்கையில் உட்கார வேண்டும் என்று கேளுங்கள்.

கூடாரங்களையும் படுக்கைப் பைகளையும் ஒரு நண்பரின் மனைவி சிறு டிரக்கில் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விடுவார். முழுச் சுமையையும் சைக்கிளிலேயே கட்டிப் போகிறவர்கள் இதை முகாம் பயணம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒப்புக்கொள்ள வேண்டாம். தரையில் படுத்ததும் நான்தான், உண்ணியைக் கணுக்காலில் இருந்து பிடுங்கியதும் நான்தான்.

"தினமும் பால் கேனை மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதிப்பவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் பொழுதுபோக்குக்கு மிதித்துவிட்டுக் கதை சொல்கிறீர்கள்" என்றும் யாராவது எழுதுவார்கள். என் அப்பா அப்படி மிதித்தவர்தான். வேடசந்தூர்ப் பக்கம் கிராமம் கிராமமாகத் தபால் கொண்டுபோனவர். அவருடைய ஹெர்குலிஸ் சைக்கிளில், பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

அந்தச் சைக்கிள் இப்போது இல்லை. அப்பா போன மறுவருடம் தம்பி அதை 650 ரூபாய்க்குப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டான். போனில் கேட்டால், "துருப்பிடித்துக் கிடந்தது அக்கா, அதை வைத்து என்ன செய்வாய்?" என்கிறான். என்ன செய்வேன் என்பது என் பாடு. வீட்டைப் பற்றியோ கிணற்றைப் பற்றியோ நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன். அந்தச் சைக்கிளை மட்டும் ஓர் ஓரத்தில் நிறுத்திவை என்று சொல்லியிருந்தேன். 650 ரூபாய்! தம்பிகள் இந்தத் தளத்தைப் படிப்பதில்லை என்பதால் எழுதிவிட்டேன். சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் கிளின்டனில் இருந்து செடாலியா வரை 60 கிலோமீட்டர், இரண்டாம் நாள் பூன்வில் வரை 56. அவர்கள் மணிக்கு 18 கிலோமீட்டர் போனார்கள், நான் 13. குழுவில் ஒரு நல்ல வழக்கம் வைத்திருந்தார்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை பழைய ரயில் நிலையம் ஏதாவது வரும். அங்கே எல்லோரும் நின்று கடைசி ஆள் வந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். கேட்க அழகாக இருக்கிறது இல்லையா? நடந்தது இதுதான். அவர்கள் வந்து சேர்ந்து, தண்ணீர் குடித்து, வாழைப்பழம் சாப்பிட்டு, கால் நீட்டி உட்கார்ந்து, படம் எடுத்து முடிக்கும்போது நான் வந்து நிற்பேன். "வந்துவிட்டாயா, கிளம்பலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். என் கணவரும் அந்தக் கூட்டத்தில்தான். யார் மிகவும் களைத்திருக்கிறாரோ அவருக்கு ஓய்வே கிடையாது! அவர்கள் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, எனக்காகக் காத்திருந்ததாகவே நினைத்தார்கள். நானும், "ஓ, கிளம்பலாமே" என்று சிரித்துக்கொண்டு ஏறிவிடுவேன். அந்தச் சிரிப்புதான் என்னைக் கவிழ்த்தது.

மூன்றாம் நாள் 78 கிலோமீட்டர். பூன்வில்லைக் கடந்ததும் பாதை ஆற்றோடு சேர்ந்துகொள்கிறது. சொல்லத்தான் வேண்டும், அந்தக் காலை நேரம் மிக அழகு. ரோச்போர்ட்டில் ஒரு சுரங்க வழி வரும். 1893இல் கட்டியது, 74 மீட்டர் நீளம், வாயில் வளைவு முழுக்க வெட்டுக்கல். உள்ளே நுழைந்ததும் ஜூன் வெயில் சட்டென்று அணைந்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது முகத்தில் படுமே, அந்தக் குளிர்ச்சி படும். வெளியே வந்தால் இடப்பக்கம் நெட்டுக்குத்தான வெள்ளைப் பாறை, வலப்பக்கம் கலங்கலான மிசூரி ஆறு. அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயக் கிளம்பிய லூயிஸும் கிளார்க்கும் 1804 ஜூனில் இந்த வழியாகப் படகில் போனபோது பாறையில் பழங்குடியினர் தீட்டிய ஓவியங்களைக் கண்டதாகக் குறித்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதியை ரயில் பாதைக்காக வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். மெக்பேன் அருகே ஒரு கிழட்டு ஓக் மரம் வயலுக்கு நடுவே தனியாக நிற்கிறது. 300 ஆண்டுக்கு மேல் வயது என்கிறார்கள். 2020இல் இடி விழுந்து உள்ளே தீப்பற்றியும் பிழைத்திருக்கிறது. மற்றவர்கள் பாதையை விட்டு இறங்கி அதைப் பார்க்கப் போனார்கள். நான் போகவில்லை. அந்த நேரத்தில் கொஞ்சம் முந்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த மரத்தை இன்றுவரை பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை.

முந்தியதும் நிலைக்கவில்லை. அரை மணி நேரத்தில் மணியடித்துக்கொண்டே ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். ஹார்ட்ஸ்பர்க்கில் மதியச் சாப்பாட்டுக்கு நின்றபோது, கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்தால் மறுபடி எல்லோரும் எனக்காக உட்கார வேண்டுமே என்று பாதி ரொட்டியோடு எழுந்துவிட்டேன். தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பவில்லை. நிரப்பும் வரிசையில் மூன்று பேர் நின்றார்கள், அவ்வளவுதான் காரணம். இப்போது எழுதும்போது எனக்கே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்தப் பாதையில் ஒவ்வொரு மைலுக்கும் ஒரு பலகை. கிழக்கே போகப் போக எண் குறையும். எங்கள் முகாம் 143இல், ஜெபர்சன் சிட்டிக்கு எதிர்க்கரையில். 148ஆம் பலகை வந்தபோது, இன்னும் எவ்வளவு என்று கழித்துப் பார்த்தேன். விடை வரவில்லை. நூற்று நாற்பத்தெட்டில் நூற்று நாற்பத்துமூன்று போனால் மீதி எவ்வளவு என்று மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே மிதித்தேன். கையைப் பார்த்தால், 35 டிகிரி வெயிலில் முடி சிலிர்த்து நிற்கிறது. இடது தொடை கல்லாக இறுகியது. சைக்கிளை ஓரமாகச் சாய்க்கக்கூடத் தோன்றாமல் அதோடு சேர்ந்து புல்லில் உட்கார்ந்தேன். விழுந்தேன் என்று சொன்னாலும் தவறில்லை.

எங்கள் குழுவில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். எப்போதும் கடைசியில் வருவார், என்னைத் தாண்டவே மாட்டார். நான் அவரும் மெதுவானவர் என்று நினைத்து உள்ளூர ஆறுதல்பட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில் கடைசியில் வருவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. பஞ்சர் ஒட்டும் சாமான், மருந்துப் பை எல்லாம் அவரிடம். வந்து நிறுத்தினார், என் முகத்தைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. பையில் இருந்து ஒரு சிறு சீசாவை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினார். வெள்ளரிக்காய் ஊறுகாயின் உப்புத் தண்ணீர். இங்கே சைக்கிள் ஓட்டுபவர்கள் தசைப் பிடிப்புக்கு அதைத்தான் குடிக்கிறார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். பிறகு நிழலுக்கு நகர்த்தி, கழுத்தில் ஈரத் துண்டைப் போட்டு, அவருடைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். "உங்களையும் தாமதப்படுத்திவிட்டேன்" என்று ஆரம்பித்தேன். "நான் உங்களுக்குப் பின்னால் வரத்தான் வந்திருக்கிறேன். நீங்கள் சொல்லாமல் இருந்ததுதான் எனக்குத் தொந்தரவு. மூன்று நாளாக உங்கள் முதுகைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் ஊகிக்க வேண்டியிருக்கிறது" என்றார்.

அன்று இரவு கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து எல்லோரிடமும் சொன்னேன். கொஞ்சம் அழுதேன், அதையும் மறைப்பானேன். ஆற்றுக்கு அக்கரையில் சட்டமன்றக் கட்டடத்தின் குவிமாடம் விளக்கொளியில் தெரிந்தது. அக்கரையில் இன்றும் ரயில் ஓடுகிறது. செத்துப்போன தண்டவாளத்தின் ஓரத்தில் படுத்து, உயிருள்ள தண்டவாளத்தின் சரக்கு ரயில்கள் விடிய விடிய ஊதுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். காதடைப்பானைக் கொண்டுபோங்கள், இதை யாரும் சொல்லமாட்டார்கள்.

மறுநாளில் இருந்து இரண்டு மாற்றம். காலையில் நானும் அந்தப் பெரியவரும் மற்றவர்களுக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பினோம். வெயில் ஏறுவதற்குள் பாதித் தூரம் முடிந்துவிடும். வேகமானவர்கள் எங்களை வழியில் பிடிப்பார்கள், தாண்டுவார்கள், பிரச்சினை இல்லை. அடுத்தது, நிறுத்தத்தில் கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் இருபது நிமிடக் கணக்கு தொடங்கும். ஹெர்மன் வரை 68 கிலோமீட்டர், அடுத்த நாள் மார்த்தாஸ்வில் வரை 37, கடைசி நாள் செயின்ட் சார்ல்ஸ் வரை 61, எல்லாவற்றையும் அதே 13 கிலோமீட்டர் வேகத்தில்தான் முடித்தேன். வேகம் ஒரு துளிகூடக் கூடவில்லை. முதல் நாளே இந்த இரண்டையும் பேசியிருந்தால் ஓக் மரத்தையும் பார்த்திருப்பேன்.

அதனால் உங்கள் நண்பர்களிடம் கேளுங்கள்: கடைசியில் வருவது யார் பொறுப்பு? நிறுத்தத்தில் இருபது நிமிடம் எப்போது தொடங்கும்? தண்ணீர் எந்த ஊரில் கிடைக்கும், எந்த ஊரில் கிடைக்காது? இதற்குப் பதில் சொல்லத் தெரியாத குழு என்றால், அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் இந்த முறை வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். என் மூத்த மகள், "அம்மா, நீ பயிற்சி எடுத்துப் போயிருந்தால் இவ்வளவு கதையே இல்லை" என்கிறாள். அதுவும் உண்மைதான். இரண்டு மாதம் வாரக் கடைசியில் 40 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போங்கள். முக்கியமாக அடுத்தடுத்த இரண்டு நாள் ஓட்டுங்கள். இருக்கை வலி இரண்டாம் நாள் காலையில்தான் தெரியும்.

இன்னொன்று. அந்த ஊறுகாய்த் தண்ணீரைக் குடித்த அன்று இரவு டிரக்கில் இருந்து என் பையை இறக்கித் திறந்தால், ஊரில் இருந்து அத்தை அனுப்பிய உப்பு நாரத்தங்காய் அரைக் கிலோ அப்படியே இருக்கிறது. ஒரு துண்டை வாயில் அடக்கியிருந்தால் போதும். நீங்களும் கட்டாயம் எடுத்துப் போங்கள். ஆனால் டிரக்கில் போகிற பையில் போடாதீர்கள், ஹேண்டில்பாரில் கை எட்டும் பையில் போடுங்கள்.