நெடுஞ்சாலையோரத்து ராக்கெட்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நாஷ்வில்லிலிருந்து ஹண்ட்ஸ்வில்லுக்குக் காரில் போனோம். அலபாமா எல்லையைத் தாண்டியதும், 65ஆம் எண் நெடுஞ்சாலையின் ஓய்விடத்தில் ஒரு ராக்கெட் நிற்கும். பல வருடம் முன்பு மகளை அதனடியில் நிற்கவைத்துப் படம் எடுத்திருக்கிறேன். இம்முறை மகனுக்குக் காட்ட வண்டியை நிறுத்தினால் ராக்கெட்டைக் காணோம். 2023இல் கழற்றிவிட்டார்களாம். நிலவுக்கு ஆள் அனுப்பிய நாட்டுக்கு இதைக் காப்பாற்றப் பணமில்லையா? மகனுக்கு என்ன சொல்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அங்கே நானும் ஒருமுறை இறங்கியிருக்கிறேன். மழை விட்டு அரைமணி நேரம் ஆகியிருந்தது. அண்ணாந்து பார்த்தபோது நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. ராக்கெட்டின் மடிப்புகளில் தேங்கிய தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. வெள்ளைப் பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. அப்போதே மனம் கனத்தது.

அதன் முதல் அடுக்கு வெறும் மாதிரி உரு அல்ல. சாட்டர்ன் 1பி என்ற ராக்கெட்டுக்காக, பறப்பதற்காகவே செய்தது. அதன் உடன்பிறப்புகள் 1968இல் அப்பல்லோ 7 விண்கலத்தையும், 1973இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குப் போன வீரர்களையும், 1975இல் சோவியத் விண்கலமான சோயுஸைச் சந்திக்கப் போனவர்களையும் சுமந்து சென்றன. இதற்கு முறை வரவேயில்லை. 1979இல் சாலையோரம் நிறுத்தினார்கள். பழுதுபார்க்க 70 லட்சம் டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டது நாசா.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அதன் முதல் அடுக்கு வேலை செய்யவேண்டிய நேரம் ஏறத்தாழ இரண்டரை நிமிடம். ஒவ்வொரு கிலோவையும் குறைக்க அலுமினியத் தகட்டை இழைத்து இழைத்து மெலிதாக்கியவர்கள், அது 44 வருடம் மழையில் நிற்கும் என்று எண்ணியிருக்கவே முடியாது. அவ்வளவு காலம் நின்றதே பெரிது. கழற்றியவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கூரை போடாமல் விட்ட அத்தனை ஆண்டுகள்மேல்தான் வருத்தம். ஹண்ட்ஸ்வில் விண்வெளி அருங்காட்சியகத்தில் பல்லாண்டு வெளியே கிடந்த அசல் சாட்டர்ன் 5 என்ற நிலவு ராக்கெட்டுக்கு 2008இல் கட்டடம் கிடைத்தது, அது பிழைத்தது. அங்கே வெளியே ஓங்கி நிற்பது 1999இல் வைத்த மாதிரி உரு. மகனிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இன்னொரு சாட்டர்ன் 1பி ஃப்ளோரிடாவில், கென்னடி விண்வெளி மையத்தின் ராக்கெட் தோட்டத்தில் படுத்த நிலையில் இருக்கிறது. ஸ்கைலாபில் யாராவது மாட்டிக்கொண்டால் மீட்டுவரத் தயாராக வைத்திருந்த ராக்கெட் அது. அதுவும் திறந்தவெளியில்தான், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். முதல் அடுக்கின் பக்கத்தில் மகனை நிறுத்தி, அது ஏன் ஒரே உருளையாக இல்லை என்று கேளுங்கள். பெரிய தொட்டி ஒன்றைப் புதிதாகச் செய்ய அவகாசம் போதவில்லை. அதனால் ராக்கெட் பொறியாளர் வான் பிரவுனின் குழு, ஜூபிடர் ஏவுகணையின் அகலத்தில் ஒரு தொட்டியை நடுவில் வைத்து, ரெட்ஸ்டோன் ஏவுகணையின் அகலத்தில் எட்டுத் தொட்டிகளைச் சுற்றிக் கட்டியது. அந்த அகலங்களில் தொட்டி செய்யும் கருவிகள் கையிலேயே இருந்தன. நடுத்தொட்டியிலும் வெளியே நான்கிலும் திரவ ஆக்ஸிஜன், மற்ற நான்கில் மண்ணெண்ணெய். வெளித்தொட்டிகளின் வளைவுகளை அவனே எண்ணிப் பார்க்கட்டும்.