குமரிக் கடலில் நீரோட்டம் ஏன் திசை மாறுகிறது?

கேள்வி: கடல் நீரோட்டம் எப்படி உருவாகிறது? கன்னியாகுமரிப் பக்கம் அது பாதி வருடம் ஒரு திசையிலும் மீதி வருடம் எதிர்த்திசையிலும் ஓடுவது ஏன்?

மூன்று கடல்கள் மோதுவதால் என்று முக்கடல் முனையில் சொல்வார்கள். அதை விட்டுவிடுங்கள். ஏற்றவற்றத்துக்கும் இதில் பெரிய பங்கில்லை. அது ஆறு மணி நேரத்துக்கொரு முறை மாறுவது, இங்கே ஒரு மீட்டர்கூட ஏறாது.

தொடக்கம் காற்றுதான். ஆனால் காற்று நேரடியாக இழுப்பது மேல்நீரை மட்டும், அதுவும் தன் வேகத்தில் 2 முதல் 3 சதவீதம் அளவுக்கு. பூமி சுழல்வதால் அந்த நீரும் காற்றின் போக்கில் போகாது. வட அரைக்கோளத்தில் மேலடுக்கு மொத்தமாகக் காற்றுக்கு வலப்பக்கம் நகரும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் காற்று அடிக்கிறது அல்லவா? அதற்கு வலப்பக்கம் என்றால் ஆழ்கடல் பக்கம். குளச்சல், தேங்காப்பட்டணம் கரையிலிருந்து நீர் விலகுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த தண்ணீர் மேலே வருகிறது. சாளையும் நெத்திலியும் பெருகுவது இதை நம்பித்தான்.

நீர் விலகினால் கரையோரக் கடல்மட்டம் சற்றுத் தாழும். நம் கண்ணுக்குத் தெரியாத சரிவு அது, ஆனால் நீரோட்டத்துக்கு அதுவே போதும். 100 கி.மீ. தூரத்துக்கு வெறும் 10 செ.மீ. சரிவு இருந்தால், 8 டிகிரி அட்சரேகையில் விநாடிக்கு அரை மீட்டர் வேகம் கிடைக்கும். நீர் சரிவில் இறங்கி ஓடாது. பூமியின் சுழற்சி தரும் கோரியோலிஸ் விசையால் உயரமான பக்கத்தை வலக்கையில் வைத்துக்கொண்டு சரிவின் குறுக்கே ஓடும். ஆகவே வைகாசி முதல் புரட்டாசி வரை நீவாடு (நீரோட்டம்) கரையோரமாகத் தெற்கே இறங்கி, முனையைச் சுற்றிக் கிழக்கே இலங்கைக்குத் தெற்காகப் போகிறது.

கார்த்திகை, மார்கழியில்தான் வேடிக்கை. மேற்குக் கரையில் காற்று வடக்கிலிருந்து வந்தாலும் நீவாடு அதை எதிர்த்து வடக்கே ஏறும். காரணம் உள்ளூரில் இல்லை, வங்கக்கடலில் இருக்கிறது. அங்கே உயர்ந்த கடல்மட்டம், கெல்வின் அலை எனப்படும் மிக நீண்ட அலையாகக் கரையை ஒட்டியே நாளொன்றுக்கு 200 கி.மீ. அளவில் நகர்ந்து இந்தப் பக்கம் வருகிறது. கூடவே உப்புக் குறைந்த, இலேசான வங்கக்கடல் நீரும் வருகிறது. இப்போது கரையோரம் உயரம், ஆழ்கடல் தாழ்வு, திசை புரண்டுவிடுகிறது.

துருவங்களில் நீர் கனத்து மூழ்கி உலகைச் சுற்றும் ஆழ்கடல் ஓட்டம் வேறு கதை. அதன் ஒரு சுற்றுக்கே ஆயிரம் ஆண்டு அளவில் ஆகும். பருவ மாற்றத்தோடு அதைக் குழப்ப வேண்டாம்.

வேகம் அளக்க, நங்கூரமிட்ட வள்ளத்தின் அணியத்தில் (முன்முனையில்) முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் நிரப்பி மூடிய பாட்டிலைப் போடுங்கள். காலி பாட்டில் காற்றின் வேகத்தைத்தான் காட்டும். வள்ளத்தின் 30 அடி நீளத்தை அது 18 விநாடியில் கடந்தால் ஒரு நாட், அதாவது மணிக்கு 1.8 கி.மீ. எட்டு மணி நேரம் மிதக்கவிட்ட வலை 14 கி.மீ. தள்ளிப் போயிருக்கும். ஆனால் இது மேல்நீரின் கணக்கு மட்டுமே. தென்மேற்குப் பருவத்தில் கடலடி ஆழத்துக்கு இறங்கும் கண்டச் சரிவுப் பக்கம் மேலே தெற்கு நோக்கி ஓடும்போதே கீழே வடக்கு நோக்கி எதிர் ஓட்டம் இருக்கும். ஆழமாக இறக்கிய வலை முறுகிக்கொள்ள அதுவும் ஒரு காரணம்; கல்லைக் கூட்டிக் கட்டினாலும் முறுக்கு முழுதாக நிற்காது.